இரண்டில் முடிந்த வலது பாதம்

என் வலது பாதத்தில் வந்த சீழ்க்கட்டி ஆஸ்பத்திரிக் காகிதத்தில் இடது பாதத்துக்கு மாறிப்போனது. அப்படி எழுதியவர் பதிவு மேசையில் இருந்த நர்ஸ். அதற்காக அவருடைய வேலை போகும் நிலை வந்தது. எழுதியது அவர் என்றாலும் எழுத வைத்தது நான். அது என்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. வாயைத் திறந்து அதைச் சொல்ல எனக்கு ஐந்து நாள் ஆனது.

எனக்குக் கொடிக்கால் வேலை. வெற்றிலைத் தோட்டத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அகத்தியை வரிசையாக நட்டு, அதில் கொடியை ஏற்றி, இரண்டு வரிசைக்கும் நடுவில் ஓடும் வாய்க்காலில் நின்று வேலை பார்க்க வேண்டும். கொடிக்காலுக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு யாரும் போவதில்லை. சாமி இருக்கிற இடம் என்று சிலர் சொல்வார்கள். செருப்புப் பட்டால் கொடி அழுகும் என்று சிலர் சொல்வார்கள். எங்கள் தோட்ட முதலாளி ராவுத்தர். அவரும் காரை விட்டு இறங்கியதும் செருப்பை வேலியோரம் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். முப்பது வருடமாக என் பாதங்கள் பகல் முழுவதும் ஈரத்தில்தான் இருக்கின்றன.

அன்று கொடியை மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன். வெட்டிப்போட்ட அகத்திக் குச்சி ஒன்று சேற்றுக்குள் நிமிர்ந்து நின்றிருக்கிறது. வலது பாதத்தின் குழிவான இடத்தில் ஏறியது. பிடுங்கிப் போட்டுவிட்டு, வாய்க்கால் தண்ணீரில் கழுவிவிட்டு, மிச்ச வரிசையையும் கட்டி முடித்தேன். வீடு இருக்கும் மார்க்கையன்கோட்டை வரை சைக்கிளும் மிதித்தேன்.

நான்காம் நாள் பாதம் விண்விண்ணென்று தெறிக்க ஆரம்பித்தது. உள்ளங்காலைத் தானே குனிந்து பார்ப்பது கஷ்டம். சுவரில் மாட்டியிருந்த முகக் கண்ணாடியைக் கழற்றித் தரையில் வைத்து, அதன் மேல் காலைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். என் உள்ளங்காலை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை என்று நினைக்கிறேன். வெடிப்பும் சேறுமாக ஏதோ ஒரு நிலத்தின் படம் போல இருந்தது. நடுவில் ஒரு எலுமிச்சம்பழ அளவுக்குச் சிவந்து, பளபளவென்று வீங்கியிருந்தது. முகம் வைக்கவில்லை. வேறு இடத்தில் கட்டி வந்தால் நாலு நாளில் நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரியும். இதில் ஒன்றுமில்லை. விரலை வைத்தால் சூடு அடித்தது. தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது.

கண்ணாடியும் கையுமாக நான் உட்கார்ந்திருந்தபோது மதினி வந்துவிட்டாள். பக்கத்து வீடு. என் மனைவி ஏலத்தோட்ட வேலைக்கு விடிவதற்குள் ஜீப்பில் மலையேறிவிடுவாள். பகலில் என்னை அதட்டும் பொறுப்பு மதினியுடையது.

"என்ன கொழுந்தனாரே, மூஞ்சிய விட்டுட்டு இப்பக் காலுக்கு அழகு பாக்குறீகளா?"

காட்டினேன். உதட்டைப் பிதுக்கினாள்.

"இது உள்ள கோத்துருச்சு. சுண்ணாம்பு வச்சாத்தான் கேக்கும்."

வெற்றிலை வேலை பார்க்கிற வீட்டில் சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லை. மஞ்சள் பொடியைக் கொட்டி, சுண்ணாம்பு விட்டுக் குழைத்தாள். ஆரத்தித் தண்ணீர் போலச் செக்கச்செவேல் என்று வந்தது. வலது பாதத்தை நீட்டினேன். அவள் அதைத் தள்ளிவிட்டு இடது காலை இழுத்தாள்.

"அது இல்ல மதினி, இது."

"தெரியுது. கண்ணு வலிச்சா எந்தக் கால் வெரல்ல சுண்ணாம்பு வைப்பாக? எதிர்க் கால்லதான? வலது கண்ணுன்னா இடது வெரல். அப்பத்தான இழுக்கும்."

"அது கண்ணுக்கு."

"கண்ணுக்குக் கேக்குறது காலுக்குக் கேக்காதா? பேசாம இருங்க."

இடது பெருவிரல் முழுவதும் சிவப்பாகப் பூசி, பழைய வேட்டித் துணியைக் கிழித்துச் சுற்றிவிட்டாள். வலது பாதத்தில் ஒன்றும் வைக்கவில்லை. எதிர்க் கால் கணக்கு எப்படி வந்தது என்று எனக்கும் தெரிந்துகொள்ள ஆசைதான். ஆனால் மதினியிடம் இரண்டாவது கேள்வி கேட்பவர் எங்கள் குடும்பத்தில் இல்லை.

மறுநாள் காலை குளிர்காய்ச்சல் வந்தது. சிவப்பு, பாதத்தின் மேல்பக்கத்துக்கும் ஏறியிருந்தது. மதினியே ஆட்டோ பிடித்து, தேனி போகும் சாலையில் இருக்கும் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் என்னை இறக்கிவிட்டு, "கூச்சப்படாம எல்லாத்தையும் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு ஆடு அவிழ்க்கப் போய்விட்டாள்.

பதிவு மேசையில் நல்ல கூட்டம். நர்ஸ் போடிப் பக்கத்துப் பெண், முப்பது வயது இருக்கும். என் முறை வந்ததும் நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். எதிரே பெஞ்சு நிறையப் பெண்கள். என் உள்ளங்காலை அவ்வளவு பேருக்கு நடுவில் தூக்கிக் காட்ட என்னால் முடியவில்லை. வாடை வேறு அடிக்கிறதோ என்று சந்தேகம். வலது காலை நாற்காலிக்கு அடியில் ஒடுக்கிக்கொண்டேன். இடது கால், துணிக்கட்டோடு முன்னால் நின்றது.

"என்னண்ணே, கால்லயா?"

"ஆமாம்மா. கட்டி."

அவர் எட்டிப் பார்த்தார். கட்டு அவிழ்ந்து, சிவந்த விரல் வெளியே தெரிந்தது.

"இப்படிச் செவந்துருக்கே. எத்தனை நாளா? இந்தக் கால்தான?"

நான் தலையை ஆட்டினேன். எப்படி ஆட்டினேன் என்று இன்றைக்கும் யோசித்துப் பார்க்கிறேன். ஆமாம் என்றும் ஆட்டவில்லை, இல்லை என்றும் ஆட்டவில்லை. அவர் குனிந்து எழுதினார். இங்கிலீஷில் 'லெப்ட்' என்று எழுதியது எனக்கே படிக்க முடிந்தது. சொல்லலாம் என்று வாயெடுப்பதற்குள் பின்னால் ஒரு குழந்தை வாந்தி எடுத்தது, அவர் எழுந்து ஓடினார். சரி, டாக்டர்தான் பார்க்கப்போகிறாரே என்று விட்டுவிட்டேன்.

அடுத்து ஒரு காரியம் செய்தேன். டாக்டர் இந்தச் சுண்ணாம்பைப் பார்த்தால் என்ன நினைப்பார் என்று பயந்து, கழிப்பறைக் குழாயில் இடது விரலைத் தேய்த்துக் கழுவி, துணியைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டேன்.

டாக்டர் காகிதத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார். நான் நொண்டி வந்ததிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. வலது பாதத்தைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். என் கால் ஒருவர் மடியில் இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரோ அடுப்பில் சோறு பதம் பார்ப்பவர் போல நிதானமாக இருந்தார். ஒரு விரலால் வீக்கத்தின் ஒரு பக்கம் அழுத்தி, மறு பக்கம் இன்னொரு விரலை வைத்துப் பார்த்தார்.

"இங்க அமுக்கினா அங்க தூக்குது பாருங்க. உள்ளே தண்ணியா இருக்கு. கெட்டியா இருந்தா தூக்காது. சீழ் பிடிச்சாச்சு."

"முகம் வைக்கலையே," என்றேன். அதுதான் எனக்குப் புரியாத விஷயம்.

"உள்ளங்கால் தோல் மாட்டுத் தோல் மாதிரி. சீழால அதைக் கிழிச்சுட்டு வர முடியாது. அதான் பக்கவாட்டுல ஓடுது."

சிவப்பு எங்கே முடிகிறதோ அங்கே பேனாவால் கோடு போட்டார். நாளைக்குச் சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டினால் மருந்து கேட்கவில்லை என்று அர்த்தமாம். விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். மெல்லிய தூண்டில் நரம்பு போன்ற ஒன்றால் பாதத்தில் ஆங்காங்கே தொட்டு, தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்டார். சர்க்கரைக்காரர்களுக்கு அது தெரியாமல் போகுமாம். எனக்கு எல்லா இடத்திலும் தெரிந்தது, சர்க்கரையும் இல்லை.

"எதுல குத்துச்சு? செருப்பு போட்டிருந்தீங்களா?"

மறுபடியும் தலையை ஆட்டினேன்.

மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு சின்னக் கீறல் கீறினார். அதற்கு முன்னால் பாதத்தின் பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். வெளியே வந்ததில் ஒரு சின்னக் கிண்ணம் நிறைந்தது. கொஞ்சம் பஞ்சில் தொட்டுக் குழாயில் அடைத்துப் பரிசோதனைக்கு எடுத்து வைத்தார்கள். கடைசியில் கறுப்பாக, அரை நகம் நீளத்துக்கு ஒரு துண்டு அகத்திக் குச்சி வந்தது. நான் பிடுங்கியது முழுக் குச்சி என்று அத்தனை நாளும் நினைத்திருந்தேன். குழிக்குள் நாடா போன்ற துணியை மருந்தில் நனைத்து அடைத்தார். இவ்வளவையும் அவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல ஒருவர் கம்ப்யூட்டரில் தட்டினார். எத்தனை அகலம், எவ்வளவு ஆழம், எவ்வளவு சீழ், எல்லாம் சொன்னார். எந்தப் பாதம் என்று மட்டும் சொல்லவில்லை. அந்தப் பாதம் அவர் கையில் இருந்தது. அவருக்குச் சொல்லத் தோன்றவில்லை.

இரண்டு நாள் தங்கி மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள்.

இரண்டாம் நாள் காலையில் ஒரு பெண் மடிக் கம்ப்யூட்டரோடு என் கட்டிலுக்கு வந்தார். கோம்பைக்காரர். முன்பு சென்னையில் ஒரு கம்பெனியில் வெளிநாட்டு ஆஸ்பத்திரிக் காகிதங்களுக்கு எண் போடுகிற வேலை பார்த்தாராம். கல்யாணமாகி ஊருக்குத் திரும்பி, இங்கே அதே வேலை.

"அண்ணே, ஒரு சந்தேகம். செருப்பு போட்டிருந்தீகளான்னு டாக்டர் கேட்டதுக்குத் தலைய ஆட்டுனீகளாம். ஆமான்னு ஆட்டுனீகளா, இல்லன்னு ஆட்டுனீகளா?"

"கொடிக்கால்ல செருப்புப் போட மாட்டோம்மா."

"இத வாயால சொன்னா என்ன, முத்து உதிர்ந்துருமா?"

அவர் சிரித்துக்கொண்டே கேட்டதால் எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது. என்ன எண், யாருக்கு என்று கேட்டேன். காப்பீட்டு ஆபீசில் டாக்டர் எழுதியதை முழுவதும் படிக்க மாட்டார்கள், எண்ணைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்றார். உலகத்தில் உள்ள ஒவ்வொரு நோய்க்கும் ஒரு எண் இருக்கிறதாம். என் வியாதிக்கு எல் என்ற எழுத்தில் ஆரம்பிக்கும். அதற்கப்புறம் சைபர், இரண்டு, ஒரு புள்ளி.

"எல் வந்தா தோல் சம்பந்தப்பட்டது. சைபர் ரெண்டு வந்தா சீழ்க்கட்டி வகை. சீழ் இல்லாம வெறுமனே செவந்து பரவுனா சைபர் மூணு."

"எனக்குச் செவப்பும் பரவியிருந்துச்சே."

"டாக்டர் அதையும் எழுதியிருக்காக, அதனால அதுக்கும் தனியா ஒண்ணு போடுவேன். அவுக எழுதாட்டி எனக்குக் கண்ணால தெரிஞ்சாக்கூடப் போட முடியாது. எழுதலைன்னா நடக்கலைன்னு அர்த்தம். இந்த வேலையில அதான் முதல் பாடம்."

புள்ளிக்கு அப்புறம் ஆறு என்றால் பாதம், அடுத்த எண் ஒன்று என்றால் அதில் சீழ்க்கட்டி. அதே பாதத்தில் முடி வேரில் வரும் சின்னக் கட்டிக்கு வேறு எண். நாலைந்து கண் வைத்த ராஜபிளவைக்கு வேறு. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். பள்ளிக்கூடத்தில் பத்தாவது முடித்த பிறகு யாரிடமும் நான் இத்தனை கேள்வி கேட்டதில்லை.

"குச்சி குத்துனதுக்கு?"

"இருக்கு. எங்க குத்துச்சுங்கிறதுக்கும் இருக்கு. வீடு, ரோடு, பள்ளிக்கூடம், வயக்காடு."

"கொடிக்காலுக்கு?"

"கொடிக்காலுக்குத் தனியா இல்லண்ணே. வயக்காட்டுலதான் சேக்கணும்."

அது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். வயலும் கொடிக்காலும் ஒன்றில்லை. வயலில் செருப்போடு நடக்கலாம்.

"கடைசி எண்ணுதான் முக்கியம்," என்றார். "ஒண்ணுன்னா வலது. ரெண்டுன்னா இடது. எந்தப் பக்கம்னு எழுதாம விட்டா ஒம்பது. ஒம்பது போட்டா ஆபீஸ்ல திருப்பி அனுப்பிருவாக. பாருங்க, இதான் உங்க எண்ணு."

திரையை என் பக்கம் திருப்பினார். கடைசியில் இரண்டு இருந்தது.

சொல்லியிருக்க வேண்டும். ஆனால் என் புத்தி அதற்கு ஒரு சமாதானம் கண்டுபிடித்தது. எதிரில் நிற்பவருக்கு என் வலது கை அவருடைய இடது பக்கம்தானே? ஒருவேளை டாக்டர்கள் தாங்கள் பார்க்கிற பக்கத்தை வைத்துத்தான் எழுதுவார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். படித்தவர்கள் எழுதியது, பத்தாவது படித்த நான் போய்த் திருத்துவதா. இப்படி நினைத்ததும் மனசுக்குச் சுகமாக இருந்தது. அவர் கம்ப்யூட்டரை மூடிக்கொண்டு போய்விட்டார். என் வலது பாதம் போர்வைக்கு வெளியே, பெரிய கட்டோடு, எல்லோருக்கும் தெரியும்படி இருந்தது. அவர் அதைப் பார்த்தாரா, பார்த்தும் எழுத்தைத்தான் நம்பினாரா என்பது தெரியவில்லை.

மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பாதத்தின் சிவப்பு, பேனாக் கோட்டுக்கு உள்ளேயே சுருங்கியிருந்தது. சுண்ணாம்பு இழுத்த இழுப்பைப் பார்த்தீகளா என்றாள் மதினி.

ஐந்தாம் நாள் கட்டுப் பிரிக்கப் போனேன். பதிவு மேசையில் வேறு ஒரு பெண் இருந்தார், ஆமை வேகத்தில் எழுதிக்கொண்டிருந்தார். பெஞ்சில் டோக்கனோடு உட்கார்ந்தேன். மேனேஜர் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அந்தப் போடி நர்ஸ் நின்றுகொண்டிருந்தார்.

"ரெண்டு மாசம் முன்னாடி மருந்து அளவை மாத்தி எழுதினீங்க," என்றது மேனேஜர் குரல். "இப்போ காலையே மாத்தி எழுதியிருக்கீங்க. படத்துல வலது, உங்க எழுத்துல இடது. காப்பீட்டு ஆபீஸ்ல கேக்குறாங்க. டாக்டர் காகிதத்தை மட்டும் பார்த்து இடது பாதத்தைக் கீறியிருந்தா?"

"நான் பாத்துதான் எழுதுனேன் சார். இடது பெருவெரல் செவந்துபோயிருந்துச்சு. துணி கட்டியிருந்தாரு."

"டாக்டர் பார்க்கலை. வேற யாரும் எழுதலை. உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

"எனக்கு எப்படித் தெரியும் சார். நான் பாத்தேன்."

கோம்பைக்காரப் பெண் கையில் கோப்போடு வெளியே வந்தார். என்னைக் கண்டதும் நின்றார்.

"உங்க காலாலதாண்ணே பஞ்சாயத்து," என்றார் மெதுவாக. "நானும் உங்க கால்ல கட்டப் பாத்துட்டுத்தான் இருந்தேன். ஆனா எழுத்துல இருந்ததத்தான் போட்டேன். பக்கம் மாறுறத மட்டும் இங்க மன்னிக்க மாட்டாக. அந்தச் சிஸ்டர இன்னையோட நிறுத்தப்போறாக. செவந்துருந்துச்சு செவந்துருந்துச்சுன்னு சொல்றாக, ஒரு எடத்துலயும் எழுத்து இல்ல."

எழுதலைன்னா நடக்கலை. அவர் எனக்குச் சொன்ன பாடம்தான் அது. நடந்தது தெரிந்த ஆள் நான் ஒருவன், பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். அந்தச் சிவப்பைக் கழுவியதும் நானே. மேனேஜர் என்னைப் பார்த்துச் சிரிப்பார், அந்த நர்ஸ் வைவார், பெஞ்சில் இருப்பவர்கள் கேட்பார்கள், எல்லாம் ஒரே நேரத்தில் தோன்றின. எழுந்து நொண்டிக்கொண்டே போய், கதவைத் தட்டாமல் உள்ளே நுழைந்துவிட்டேன். தட்டினால் யார் என்று கேட்பார்கள், பதில் சொல்ல வேண்டும், அதற்குள் தைரியம் போய்விடும்.

"என்ன வேணும்?" என்றார் மேனேஜர்.

"அவுக பாத்தது நெசந்தான் சார்."

"எது?"

"செவப்பு. இடது வெரல்ல. அது மஞ்சளும் சுண்ணாம்பும். எங்க மதினி பூசிவிட்டாக."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். "கட்டி வலது கால்ல. சுண்ணாம்பு இடது கால்லயா?"

"எதிர்க் கால்ல வச்சாத்தான் இழுக்கும்னாக."

"அவங்க என்ன, டாக்டரா?"

"இல்ல சார். எங்க அண்ணன் சம்சாரம்."

நர்ஸ் என் பக்கம் திரும்பினார். கண் சிவந்திருந்தது. "கால் வெரலுக்கு ஆரத்தி எடுத்துட்டு வந்து உக்காந்துருந்தீகளா?"

"ஆமாம்மா."

"அது எங்க போச்சு? டாக்டர் பாக்கையில இல்லைங்குறாக."

"கழுவிட்டேன். கூச்சமா இருந்துச்சு."

"நீங்க கூச்சப்பட்டதுக்கு நான் வீட்டுக்குப் போகணுமா?"

அவர் சொன்னது சரி. மேனேஜர் கண்ணாடியை மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"இருந்தாலும், எந்தக் கால்னு கேட்டு எழுதியிருக்கணும் சிஸ்டர்."

"கேட்டேன் சார்."

"கேட்டாக," என்றேன் நான். "இந்தக் கால்தானன்னு கேட்டாக. நான்தான் தலைய ஆட்டுனேன். வாயால சொல்லல."

மேனேஜர் ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் வைத்தார். "இதை எழுதிக் குடுங்க. தமிழ்லயே எழுதுங்க. எல்லாத்தையும்."

எழுதினேன். கல்யாணப் பத்திரிகைகளில் விலாசம் எழுதியதைத் தவிர நான் பேனா பிடித்து வெகுநாள் ஆகியிருந்தது. குச்சி குத்தியது, மதினி பூசியது, காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்தது, தலையை ஆட்டியது, கழுவியது. அரைப் பக்கம் வந்தது. கோம்பைப் பெண்ணைக் கூப்பிட்டார்கள். அவர் படித்தார், உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கீழே நாலு வரி இங்கிலீஷில் எழுதினார். என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். வீட்டு வைத்தியமாக மஞ்சளும் சுண்ணாம்பும் இடது பெருவிரலில் பூசப்பட்டிருந்தது, சேர்க்கும்போது நர்ஸ் கண்ட சிவப்பு அதுவே என்று நோயாளி கூறுகிறார், இதுதான் என்றார். மதினி செய்தது இங்கிலீஷில் கேட்க மரியாதையாக இருந்தது.

மேனேஜர் இரண்டையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நர்ஸைப் பார்த்துச் சொன்னார்: "திருத்திட்டு மேசைக்குப் போங்க. இனிமே நோயாளி வாயால சொன்னாத்தான் எழுதணும். தலையாட்டினா எழுதக் கூடாது."

நர்ஸ் என் கோப்பைப் பதிவு மேசைக்கு அடுத்த சின்ன அறைக்குக் கொண்டுபோனார். என்னையும் வரச் சொன்னார். தவறான சொல்லை அடித்துக் கறுப்பாக்கிவிடுவார் என்று நினைத்தேன். அப்படிச் செய்யக் கூடாதாம். ஸ்கேலை வைத்து, அந்தச் சொல்லின் குறுக்கே ஒரே ஒரு கோடு போட்டார். கீழே என்ன இருந்தது என்பது நன்றாகப் படிக்க முடிந்தது. மேலே சரியான சொல்லை எழுதி, பக்கத்தில் தன் கையெழுத்து, தேதி, மணி எல்லாம் எழுதினார்.

"அழிக்க மாட்டீகளா?"

"தப்பு நடந்ததும் தெரியணும், திருத்துனதும் தெரியணும். அழிச்சா அது அடுத்த தப்பு."

அவர் குரலில் கோபம் குறையவில்லை. நானும் குறையும் என்று எதிர்பார்க்கவில்லை. கோம்பைப் பெண் வந்து, இரண்டை எடுத்துவிட்டு ஒன்று போட்டாச்சு என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் பாதத்தைப் பிரித்து, நாடாவை உருவி, குழியைப் பார்த்துவிட்டுப் புதிது வைத்துக் கட்டியதும் அந்த நர்ஸ்தான். கை அழுத்தமாகத்தான் இருந்தது, ஆனால் வலிக்கவில்லை. குழி அடியிலிருந்து மேலே தூர்ந்து வர வேண்டும், மேல் தோல் முதலில் மூடினால் உள்ளே மறுபடியும் சீழ் சேரும் என்றார். ஏன் என்று கேட்டேன். கேட்டதற்குப் பதில் சொன்னார், அதிகமாக ஒரு வார்த்தை பேசவில்லை. நான் மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். கையுறையைக் கழற்றிக்கொண்டே என்னை நிறுத்தினார்.

"சரிண்ணே. வெளிய கூட்டம் நிக்குது. அந்தப் புள்ள இன்னும் இருபது பேரக்கூட முடிச்சுருக்காது. போற போக்குல அடுத்த டோக்கனக் கூப்புட்டு மேசைக்கு அனுப்புங்க. பதினேழு."

அவர் பதிவு மேசைக்குப் போய், அங்கிருந்த பெண்ணை எழுப்பிவிட்டுத் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெஞ்சு நிறைய ஆட்கள் என்னையே பார்த்தார்கள்.

"பதினேழு," என்றேன்.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் உரக்க, மறுபடியும் சொன்னேன்.